சுடுமல்லிக் களையும் மக்காச்சோளமும்: எங்கள் நிலைப்பாடு

களக்காடு எங்களுக்கு நெல்லும் வாழையும் தந்த ஊர். பச்சையாற்றுத் தண்ணீர் தேங்கி நிற்கும் வயலில் சுடுமல்லி பிழைக்காது. ஆனாலும் இதைப் பற்றி நாங்கள் பேசியாக வேண்டியிருக்கிறது. சங்கரன்கோவில், கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்து மானாவாரிக் காடுகளில் மக்காச்சோளம் போடுகிறவர்கள் எங்கள் உறவினர்கள். அங்கே உழுத டிராக்டரும் அறுத்த இயந்திரமும் அடுத்த வாரம் இங்கே வாடகைக்கு வருகின்றன. ஆகவே, இது தனி ஒருவர் காட்டுப் பிரச்சினை அல்ல.

சுடுமல்லி வேரைக் கடிக்கும் களை. மக்காச்சோளம், சோளம், கம்பு, கரும்பு ஆகியவற்றின் வேரில் ஒட்டிக்கொண்டு நீரையும் சத்தையும் உறிஞ்சுகிறது. மண்ணில் ஈரம் இருந்தும் பயிர் வாடும், தோகை வெளுக்கும், வளர்ச்சி குன்றும். பலர் வறட்சி என்றே நினைத்துவிடுகிறார்கள். சாண் உயரத்தில், சிறு பூக்களோடு செடி தலைகாட்டும்போது மண்ணுக்குள் சேதத்தில் பெரும்பகுதி முடிந்திருக்கும். மூக்குப்பொடி போன்ற அதன் விதை ஒரு செடியிலேயே பல்லாயிரக்கணக்கில் உதிரும். பத்தாண்டுகளுக்கு மேலும் மண்ணில் உயிரோடு கிடக்கும்.

அந்த விதை தானாக முளைப்பதில்லை. பயிரின் வேர் கசியவிடும் ஒரு பொருள் பட்டால்தான் முளைக்கும். அத்தகைய பொருள்களில் ஒன்றான ஸ்ட்ரைகோலை 1966இல் அமெரிக்க ஆய்வாளர்கள் முதலில் பிரித்தெடுத்தது பருத்தி வேரிலிருந்துதான். பருத்தி சுடுமல்லியை முளைக்க வைக்கும், ஆனால் ஒட்ட விடாது. முளைத்தது பட்டினியால் சாகும். கரிசலில் நம் முன்னோர் பருத்தியையும் சோளத்தையும் மாற்றி மாற்றிப் போட்டதற்கு இப்படியும் ஒரு பலன் இருந்திருக்கிறது. இன்று கோழித்தீவனத் தேவையால் மக்காச்சோளத்துக்கு மேல் மக்காச்சோளம் போடும்போது அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது.

எனவே எங்கள் நிலைப்பாடு இது:

1. பயிர் சுழற்சியே முதல் மருந்து. சுடுமல்லி தென்பட்ட காட்டில் அடுத்த பட்டம் பருத்தியோ தட்டைப்பயறோ போட வேண்டும். விதை பல்லாண்டு கிடப்பதால் ஒரே பட்டத்தோடு நிறுத்தக் கூடாது. சத்துக் குறைந்த மண்ணில் இந்தக் களை கொழுக்கும். தொழுவுரம் இட்டு மண்ணைத் தேற்றுவதும் மருந்துதான்.

2. பூ விரியும் முன் களையைப் பிடுங்கி, காட்டுக்கு வெளியே கொண்டுபோய் எரிக்க வேண்டும். வரப்பில் போட்டுவிட்டு வரக் கூடாது. வாடகை இயந்திரம் காட்டில் இறங்குமுன் ஒட்டிய மண்ணைக் கழுவ வேண்டும்.

3. களைக்கொல்லியை மட்டும் நம்பக் கூடாது. 2,4-டி தெளித்தால் மேலே தெரியும் செடி சாகும், விதை விழாது, அவ்வளவுதான். வேரில் ஏற்பட்ட இழப்பு திரும்பாது. காற்றில் பறந்து பக்கத்துப் பருத்தியிலும் பயறிலும் பட்டால் அந்தப் பயிர் போய்விடும். வேளாண் அலுவலரைக் கேட்காமல் தெளிக்க வேண்டாம்.

அரசிடமும் கேட்கிறோம். 2025-26ஆம் ஆண்டுக்கு மக்காச்சோளத்துக்குக் குவிண்டாலுக்கு 2,400 ரூபாய் ஆதார விலை அறிவிக்கப்பட்டது. தட்டைப்பயறோ ஆதார விலைப் பட்டியலிலேயே இல்லை. விலை இல்லாத பயிரைச் சுழற்சிக்குப் போடு என்று விவசாயியிடம் சொல்வது நியாயமல்ல. தட்டைப்பயறுக்குக் கொள்முதல் ஏற்பாடு வேண்டும். கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியும் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையமும் விவசாயிகளின் காட்டிலேயே செயல்விளக்கத் திடல் அமைக்க வேண்டும். கென்யாவில் மக்காச்சோளத்தின் ஊடே டெஸ்மோடியம் என்ற தீவனப் பயறைப் போட்டு இந்தக் களையை அடக்கியிருக்கிறார்கள். ஓரத்தில் நேப்பியர் புல்லும் வளர்க்கிறார்கள். அந்தப் புல்லை மாட்டுக்காரர்கள் இங்கேயும் வளர்க்கிறார்கள். அந்த முறை நம் கரிசலுக்கு ஏற்குமா என்று சோதித்துச் சொல்ல வேண்டும்.

1956இல் அமெரிக்காவின் இரு கரோலினா மாநிலங்களில் மக்காச்சோளத்தில் இந்தக் களை கண்டுபிடிக்கப்பட்டதும், அந்நாட்டு அரசு கட்டுப்பாடு விதித்து, பல பத்தாண்டுகள் செலவழித்துப் பெருமளவு விரட்டியது. நம்மிடம் அந்த அளவு பணமில்லை. ஆனால் நம் காட்டை நாமே நடந்து பார்க்கலாம். சந்தேகப்படும் செடி ஒன்று கண்ணில் பட்டாலும் பக்கத்துக் காட்டுக்காரருக்கும் வட்டார வேளாண்மை அலுவலகத்துக்கும் உடனே சொல்லுங்கள். மறைக்க இதில் வெட்கம் ஒன்றுமில்லை. மறைத்தால்தான் எல்லோருக்கும் நட்டம்.