தையலோடு முடிந்துவிடும் விஷயமல்ல

உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவோடு பிறந்த பிள்ளை என்றால், "சின்னதிலேயே ஒப்பரேஷன் செய்தாச்சு, இப்ப ஒன்றுமில்லை" என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். உலகில் ஏறக்குறைய 700 பிள்ளைகளில் ஒருவர் இப்படிப் பிறக்கிறார். நமது வகுப்பிலும் ஒருவர் இருக்கலாம்.

உதடு தைத்தாகிவிட்டது, உண்மைதான். ஆனால் அண்ணத்தில் உள்ள தழும்பு மேல்தாடையைச் சரியாக வளர விடாமல் இழுத்துப் பிடிக்கும். பலருக்கு மேற்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்ளே விழும். பிளவு இருந்த இடத்தில் பல் கோணலாக முளைக்கும், சிலவேளை முளைக்காமலே போகும். பல்லோடு பல் பொருந்தாதபோது, கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் உள்ள மெல்லும் தசைகள் இரு பக்கமும் ஒரேமாதிரி வேலை செய்வதில்லை. கடிக்கும் பலம் குறையும். மென்று விழுங்க நேரமெடுக்கும்.

நமது இடைவேளையோ 20 நிமிஷம். கை கழுவப் போய் வரவே பாதி போய்விடும். ரொட்டியோ கடலையோ கொண்டு வந்த பிள்ளை பாதியில் பெட்டியை மூடிவிடும். அதைச் சோம்பல் என்கிறோம், செல்லம் என்கிறோம். "கெதியாச் சாப்பிடு" என்ற அதட்டல் தாடைக்குப் பலம் தராது. அரைவயிற்றோடு இருக்கும் பிள்ளைக்குக் கணக்கும் ஏறாது.

"ஒருவருக்கு மட்டும் சலுகையா?" என்று கேட்பவர்கள் உண்டு. கண் தெரியாத பிள்ளையை முன்வரிசையில் இருத்துவதை நாம் சலுகை என்பதில்லையே! ஐந்து நிமிஷம் முன்னதாகப் பெட்டியைத் திறக்க விடுவோம். மற்றப் பிள்ளைகள் வாயைப் பார்த்துச் சிரிக்காத இடத்தில் இருத்துவோம். இடியப்பம், பிசைந்த சோறு போன்ற மெதுவான சாப்பாட்டைக் கொடுத்தனுப்பும்படி உம்மாமாரிடம் பக்குவமாகச் சொல்வோம்.

இன்னொன்று முக்கியம். ஈறில் உள்ள பிளவை எலும்பு வைத்து நிரப்பும் சத்திரசிகிச்சை பெரும்பாலும் 8 முதல் 11 வயதுக்குள், வேட்டைப்பல் முளைக்கும் முன் செய்யப்படுகிறது. பல் வரிசையைச் சீராக்குவதும் அதையொட்டித்தான். அந்த வயதில் பிள்ளை நம் கையில்தான் இருக்கிறது. முகம் நன்றாகிவிட்டது என்று கிளினிக் போவதை நிறுத்திய பெற்றோரை மீண்டும் அனுப்ப நம்மால் முடியும். பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்தில் காட்டினாலே வழி சொல்வார்கள். அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசில்லை. கிளினிக் நாளில் வராத பிள்ளையிடம் "ஏன் வரவில்லை?" என்று வகுப்பு முன்னால் கேட்காமலாவது இருப்போம்.

தைப்பது வைத்தியரின் வேலை. அந்தப் பிள்ளை வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வகுப்பில் உட்கார வழி செய்வது நமது வேலை.