பேரன் சோம்பேறி அல்ல, ஐயா!

மாலையில் கடற்கரைச் சாலையில் நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு பேரப்பிள்ளைகளிடம் வந்து நிற்கும். "வீட்டுப்பாடம் எழுதுடா என்றால் அப்புறம், அப்புறம் என்கிறான். சுத்த சோம்பேறி. நம்ம காலத்தில் இப்படியா?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். நான் இனித் தலையாட்டுவதாக இல்லை.

முதலில் நம் யோக்கியதையைப் பார்ப்போம். லைஃப் சர்டிபிகேட் கொடுக்க நவம்பர் மாதம் முழுவதும் இருக்கிறது. வங்கியில் வரிசை எப்போது நீள்கிறது? கடைசி வாரத்தில். நானும் அந்த வரிசையில் நின்றவன்தான்.

முப்பது வருடத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். மேசையில் தேங்குவது பெரிய கோப்பு அல்ல. என்ன எழுதுவது என்று புரியாத கோப்பும், நம் வேலையா பக்கத்து மேசைக்காரர் வேலையா என்று தெளிவில்லாத கோப்பும்தான் அடியில் போய்ப் படுக்கும். பிள்ளையின் நோட்டும் அப்படித்தான்.

என் பேரன் மூன்றாம் வகுப்பு. அவனுடைய வீட்டுப்பாடம் அவனுக்கு வருவதில்லை. என் மருமகளின் கைப்பேசிக்கு வாட்ஸ்அப்பில் வருகிறது, சில நாள் இரவு எட்டு மணிக்கு மேல். அவள்தான் படித்துச் சொல்ல வேண்டும், அதட்ட வேண்டும், கடைசியில் அட்டையை வெட்டி ஒட்டவும் வேண்டும். தபால் அம்மா பெயருக்கு, வேலை அம்மா கையில், தாமதத்துக்குக் குற்றவாளி மட்டும் பிள்ளையா?

நாங்கள் பிரெஞ்சு வழியில் படித்தபோது 'காயே தெ தெக்ஸ்த்' என்று ஒரு நோட்டு உண்டு. எந்தப் பாடம், என்ன வேலை, எந்த நாளுக்கு என்று நாங்களே கைப்பட எழுதிக்கொள்வோம். மறந்தால் ஆசிரியர் எங்களைத்தான் கேட்பார், அப்பாவை அல்ல. வீட்டுப்பாடத்துக்குப் பிரெஞ்சில் 'தெவுவார்' என்று பெயர். கடமை என்றும் அதற்குப் பொருள். ஒருவன் கடமையை இன்னொருவர் கைப்பேசிக்கு அனுப்பினால் எப்படி?

அந்தக் காலத்தைப் புகழ்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அங்கே பிரம்பும் இருந்தது. அதை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் மகனுக்கு அப்போது எட்டு வயது. கணக்கு நோட்டைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். ஸ்கேலால் அடித்தேன். பிறகுதான் தெரிந்தது, வகுத்தல் கணக்கே அவனுக்குப் புரியவில்லை. கேட்டால் அடி விழும் என்று கேட்கவில்லை. இன்று நாற்பத்தைந்து வயதிலும், ஒரு வங்கிப் படிவம் நிரப்ப வேண்டுமானால் நான் அறையை விட்டுப் போகும்வரை பேனாவை எடுக்கமாட்டான்.

கொடுக்கும் வேலைக்கும் ஓர் அளவு வேண்டும். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத்து வீட்டுப்பாடம் கூடாதென்று பிரான்சில் 1956இலேயே சுற்றறிக்கை வந்தது. சென்னை உயர்நீதிமன்றமும் 2018இல் ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் வேண்டாம் என்றது. இத்தனைக்குப் பிறகும் நாம் பிள்ளையைத்தான் திட்டுகிறோம்.

இப்போது எங்கள் வீட்டில் பேரனுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு. ஆறு மணிக்கு அவனே கைப்பேசியைப் பார்த்து அதில் எழுதிக்கொள்வான். அதற்குப் பிறகு வருவது மறுநாள் கணக்கு. "எதை முதலில் எடுக்கப்போகிறாய்?" இதுதான் நான் கேட்கும் ஒரே கேள்வி. பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். ஆரம்பித்துவிட்டால் பாதி முடிந்த மாதிரி. காலையில் பையில் வைக்க வேண்டியவற்றை அவன் கையாலேயே எழுதிக் கதவில் ஒட்டியிருக்கிறான்.

ஒரு நாள் அட்டை வேலையை முடிக்கவில்லை. மருமகள் கத்தரிக்கோலை எடுத்தாள். "விடும்மா" என்றேன். மறுநாள் வகுப்பில் நிற்க வைத்தார்களாம், அழுதுகொண்டு வந்தான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆனால் அடுத்த அட்டையை அவனே வெட்டினான், கோணல்மாணலாக. இன்றும் சில நாள் "அப்புறம் தாத்தா" என்பான். அதனால் என்ன? எட்டு வயதுதானே!

ஆகவே நண்பர்களே, பேரனைச் சோம்பேறி என்று சொல்லுமுன் அவன் பக்கத்தில் உட்கார்ந்து "எது கண்ணு புரியவில்லை?" என்று கேளுங்கள். என் மகனிடம் நான் கேட்கத் தவறியது அதுதான்.