கேஸ் எங்கே போயிற்று?

கத்திரி வெயில் காலத்தில் வீட்டு ஏ.சி. சரியாகக் குளிரவில்லை என்றால், பெரும்பாலும் ஒரே தீர்ப்புதான் கிடைக்கிறது: "கேஸ் தீர்ந்துவிட்டது, நிரப்ப வேண்டும்." நிரப்புகிறோம், பணம் கொடுக்கிறோம். அடுத்த கோடையிலும் அதே தீர்ப்பு. இதைக் கேள்வி கேட்காமல் ஏற்பது அறிவியல் கற்போருக்கு அழகன்று.

மாணவர்களே, ஏ.சி.யில் உள்ள கேஸ் ஸ்கூட்டரின் பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதில்லை. நம் உடலில் இரத்தம் ஓடுவதுபோல அது மூடிய குழாய்களுக்குள் சுற்றி வருகிறது. அறைக்குள் உள்ள சுருள் குழாயில் திரவம் ஆவியாகும்போது அறைக்காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. கம்ப்ரசர் அந்த ஆவியை அழுத்தி வெளிப்பெட்டியின் சுருள் குழாய்க்கு அனுப்புகிறது. அங்கு வெப்பத்தை வெளிக்காற்றில் விட்டு, மீண்டும் திரவமாகி உள்ளே திரும்புகிறது. இதில் ஒரு துளியும் செலவாவதில்லை. கேஸ் குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதாகும்.

குளிர்ச்சி குறைய வேறு காரணங்களும் உண்டு. முதற்காரணம் தூசி. ஃபில்டர் அடைபட்டால் சுருளின் மேல் காற்றோட்டம் குறைகிறது. சுருள் மிகவும் குளிர்ந்து பனிக்கட்டி படிகிறது. கேஸ் குறைந்தாலும் இதே பனிக்கட்டி படியக்கூடும். எனவே பனிக்கட்டியைக் கண்டதும் கேஸின் மேல் பழி போடுவது அவசரத் தீர்ப்பு. வெளிப்பெட்டியில் அழுக்கு மண்டினாலும், அதை ஒட்டிப் பழைய சாமான்களை அடுக்கி வைத்தாலும் வெப்பம் வெளியேற வழியின்றிக் குளிர்ச்சி குறையும். உள்பெட்டியிலிருந்து சுவரில் நீர் வழிந்தால், பெரும்பாலும் நீர் வெளியேறும் குழாய் அடைபட்டிருக்கும்.

நீங்களே ஒரு சோதனை செய்யலாம். ஏ.சி.யை மிகக் குறைந்த வெப்பநிலையில் வைத்துக் கால்மணி நேரம் ஓடவிடுங்கள். அறை வெப்பமானி ஒன்றால், உள்பெட்டி காற்றை இழுக்கும் இடத்திலும் வெளிவிடும் இடத்திலும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வேறுபாடு வழக்கமாக 8 முதல் 12 டிகிரி செல்சியஸ் இருக்கும். ஈரப்பதம் மிகுந்த ஊரில் சற்றுக் குறையலாம். பின்னர் பெரியவர்களிடம் சொல்லி மின்சாரத்தை நிறுத்தி, ஃபில்டரைக் கழுவி, நன்கு உலர்த்தி மாட்டி, மீண்டும் அளந்து பாருங்கள். வெளிப்பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். அதிலுள்ள கெப்பாசிட்டர், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் ஷாக் கொடுக்கவல்லது.

கசிவினால் ஏற்படும் நட்டம் நம் பணத்தோடு நிற்பதில்லை. பழைய ஏ.சி.களில் உள்ள ஆர்-22 ஓசோன் படலத்தைக் குறைக்கும். 1987ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் அது படிப்படியாக விலக்கப்பட்டு வருகிறது. புதிய ஏ.சி.கள் பலவற்றில் உள்ள ஆர்-32 ஓசோனுக்குத் தீங்கு செய்யாது. ஆனால் நூறாண்டுக் கணக்கில், அதன் ஒரு கிலோ சுமார் 675 கிலோ கார்பன்-டை-ஆக்சைடுக்கு இணையாகப் பூமியைச் சூடாக்கும். இந்தக் கேஸ்களையும் கட்டுப்படுத்தவே 2016இல் கிகாலி திருத்தம் உருவாயிற்று. வீட்டைக் குளிர்விக்க வாங்கியது, கசிந்து ஊரையே சூடாக்கலாமா?

குற்றம் மெக்கானிக்கின் மேல் மட்டும் இல்லை. கசிவைத் தேட நேரமும் கூலியும் ஆகும். அதைக் கொடுக்க நாம்தான் தயங்குகிறோம். இணைப்புகளில் சோப்பு நீர் தடவிப் பார்த்தால் பல கசிவுகளைக் குமிழிகளே காட்டிக்கொடுத்துவிடும். அந்த வேலைக்குரிய கூலியை மனமுவந்து கொடுப்போம்.

அடுத்த முறை "கேஸ் தீர்ந்துவிட்டது" என்று யாராவது சொன்னால், "எங்கே போயிற்று?" என்று பணிவோடு கேளுங்கள். விடை கிடைத்த பிறகே நிரப்பச் சொல்லுங்கள்.