நிதானமாய் ஒரு சேது யாத்திரை

இலங்கைக்குச் செல்ல வழி வேண்டி, கடற்கரையில் தர்ப்பைப் புல்லைப் பரப்பி, சமுத்திரராஜனை நோக்கி மூன்று இரவுகள் கிடந்தார் ஸ்ரீராமபிரான். ஒரு கணையால் கடலை வற்றச் செய்யும் ஆற்றலுடையவர் அவர். ஆயினும் முதலில் காத்திருந்தார். அந்தத் திருக்கோலத்தைத் திருப்புல்லாணியில் தர்ப்பசயன ராமராக இன்றும் தரிசிக்கலாம்.

இராமநாதபுரம் சீமைக்கு யாத்திரை புறப்படும் குழுக்கள் மனத்தில் கொள்ள வேண்டிய முதற்பாடம் இதுவே. விடியலில் வந்திறங்கி, இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் அவசரமாய் நனைந்து, தனுஷ்கோடிக்கு ஓடி, அன்றிரவே ஊர் திரும்பும் பயணங்கள் இன்று பெருகிவிட்டன. இளையோருக்கு அது இயலும். முதியோரோ கோயிலைக் கண்ட நிறைவைவிடக் கால்வலியையே மிகுதியாய்ச் சுமந்து வீடு திரும்புகின்றனர். ராமபிரான் மூன்று இரவுகள் தங்கிய கரையில் அன்பர்களும் மூன்று இரவுகள் தங்குவதே பொருத்தம்.

வால்மீகி ராமாயணத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. நூறு யோசனை நீளமான சேதுவை வானரர்கள் ஐந்து நாட்களில் கட்டினர். முதல் நாள் பதினான்கு யோசனை. அடுத்த நாட்களில் முறையே இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்து மூன்று. முதல் நாள் வேலையே மிகக் குறைவு. முதியோர் யாத்திரைக்கும் அந்தக் கணக்கே நலம் தரும்.

முதல் நாள்: உப்பூரும் தேவிபட்டினமும்

சேது யாத்திரையை உப்பூர் விநாயகரை வணங்கித் தொடங்குவது முன்னோர் வகுத்த முறை. வெயிலுகந்த விநாயகர் என்பது அவர் திருநாமம். அங்கிருந்து கடற்கரைச் சாலையில் தெற்கே வந்தால் தேவிபட்டினம். ராமபிரான் நவக்கிரகங்களை வேண்டி நிறுவியதாகப் போற்றப்படும் ஒன்பது கற்கள் கரையை ஒட்டிய கடல்நீரில் நிற்கின்றன. அதுவே நவபாஷாணம். நீரில் இறங்கி வலம்வருவோர் பாசியில் வழுக்காதபடி ஒருவர் கையை ஒருவர் பற்றிச் செல்ல வேண்டும். இயலாதவர் நடைமேடையிலிருந்தே வணங்கலாம்.

தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையே காரங்காடு என்னும் மீனவர் கிராமம் உள்ளது. அங்குள்ள அலையாத்திக் காட்டினூடே வனத்துறையின் ஏற்பாட்டில் படகில் செல்லலாம். உப்புநீரில் வேரூன்றி, அலையின் சீற்றத்தைத் தணித்துக் கரையைக் காக்கும் மரங்கள் அவை. உடல்நலம் இடங்கொடுப்போர் மட்டும் செல்லட்டும்; மற்றவர் நேரே இராமநாதபுரம் சென்று இளைப்பாறலாம்.

வெயில் தாழ்ந்ததும் அரண்மனையிலுள்ள இராமலிங்க விலாசத்தைக் காண வேண்டும். சேதுவைக் காப்பதையே தம் கடமையாகவும் பட்டப்பெயராகவும் கொண்ட சேதுபதி மன்னர்களின் கொலுமண்டபம் அது. கிழவன் சேதுபதி காலத்தில் எழுந்தது. சுவர்களில் ராமாயணக் காட்சிகளும் பாகவதக் காட்சிகளும் அரசவை, போர்க்களக் காட்சிகளும் ஓவியங்களாய் விரிகின்றன. யாத்திரிகர் நடந்து வந்த பாதை நெடுகிலும் சத்திரங்கள் அமைத்து அன்னமிட்டவர்கள் இம்மன்னர்கள். நடந்து களைத்தவருக்கு நிழலும் சோறும் படுக்க இடமும் தருவது அக்காலத்தில் யாத்திரையின் ஓர் அங்கமாகவே விளங்கியது. ஓய்வை வீண்பொழுதாக அவர்கள் எண்ணவில்லை.

இரண்டாம் நாள்: திருப்புல்லாணியும் சேதுக்கரையும்

இராமநாதபுரத்திலிருந்து ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் தொலைவில் உள்ளது திருப்புல்லாணி. நூற்றெட்டுத் திவ்ய தேசங்களுள் ஒன்று, திருமங்கையாழ்வாரால் பாடப்பெற்றது. ஆதி ஜகந்நாதப் பெருமாளைச் சேவித்துத் தர்ப்பசயன ராமர் சந்நிதிக்கு வரும்போது அங்கே சற்று அமர வேண்டும். பிராட்டியைப் பிரிந்த நிலையில் பெருமாள் தனியே கிடக்கிறார். வாழ்க்கைத் துணையை இழந்த முதியோர் பலர் அச்சந்நிதியில் கண்கலங்கி நிற்பதுண்டு. குழுவை வழிநடத்துவோர் அவ்விடத்தில் அவர்களை அவசரப்படுத்தலாகாது. தசரதருக்கு மகப்பேறு தந்த தலமென்பதால் இங்குப் பாயசமே சிறப்பான பிரசாதம்.

அருகிலேயே சேதுக்கரை. கடலைப் பார்த்தபடி ஆஞ்சநேயர் நிற்கிறார். சங்கல்பம் செய்து நீராடும் இடம் இது. முழுகி எழ இயலாதவர் நீரை எடுத்துத் தலையில் தெளித்துக்கொண்டால் போதும்.

மாலையில் உத்தரகோசமங்கை. மாணிக்கவாசகர் உருகிய தலம். மரகத நடராஜர் ஆண்டு முழுவதும் சந்தனக்காப்பில் மறைந்திருந்து, மார்கழித் திருவாதிரையை ஒட்டி மட்டுமே காப்புக் களைந்து காட்சி தருகிறார். அந்நாளில் கூட்டம் பெருகும். கூட்டத்தைத் தாங்க இயலாதோர் மற்ற நாட்களில் சென்று, சந்தனம் பூண்ட திருமேனியை அமைதியாய்த் தரிசித்து வரலாம்.

மூன்றாம் நாள்: கடல் கடந்து தனுஷ்கோடி

காலையில் புறப்பட்டால் பாம்பன் நெருங்கும்போதே காற்றின் குணம் மாறும். 1914 பிப்ரவரியில் ரயில் பாலம் திறக்கப்படும் முன்னர்ப் படகே துணை. சாலைப் பாலம் 1988 அக்டோபர் 2 அன்று திறக்கப்பட்டது. செங்குத்தாய் உயரும் புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரல் 6, ராமநவமியன்று பயன்பாட்டுக்கு வந்தது. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா என இரு கடல்களையும் பாலத்திலிருந்து ஒருசேரக் காணலாம். வண்டியை மெல்லச் செலுத்தச் சொல்லி அமர்ந்தபடியே கண்டு மகிழ்வது நல்லது. பாலத்தில் இறங்கி நிற்பது ஆபத்து.

பாம்பனை அடுத்த குந்துகால் கரையில் சுவாமி விவேகானந்தருக்கு நினைவாலயம் உள்ளது. மேலைநாட்டுப் பயணம் முடித்து அவர் 1897 ஜனவரி 26 அன்று பாம்பனில் வந்திறங்கியபோது எதிர்கொண்டு வணங்கியவர் பாஸ்கர சேதுபதி. சுவாமிகள் அமர்ந்த வண்டியை மன்னரே இழுத்தார் என்பது வரலாறு.

நண்பகலில் இராமேசுவரத்தில் தங்கி, பிற்பகல் தனுஷ்கோடிக்குச் செல்லலாம். வழியில் விபீஷணருக்குப் பட்டாபிஷேகம் நடந்ததாகப் போற்றப்படும் கோதண்டராமர் கோயில். அதைத் தாண்டினால் மணலும் வானும் நீரும் மட்டுமே. குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டமாய் வந்து ஆழமற்ற நீரில் இரை தேடும். ஒருபுறம் அடங்கிய கடல், மறுபுறம் ஆர்ப்பரிக்கும் கடல். மகோததி என்றும் ரத்னாகரம் என்றும் சாஸ்திரம் போற்றும் இரண்டும் இங்கே கூடுகின்றன.

அழகின் நடுவே இடிந்த சுவர்களும் நிற்கின்றன. 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் இந்த ஊரே அழிந்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலைக் கடல் வாரிக்கொண்டது. எழுபதைக் கடந்த அன்பர்கள் பலருக்கு அச்செய்தி வந்த நாள் நினைவிருக்கும். புகைப்படம் எடுப்பதற்கு முன் அங்கு மறைந்தோருக்காக ஒரு கணம் கைகூப்புவது கடமை. அரிச்சல்முனையில் நீரோட்டம் கொடியது. அங்கே இறங்கி நீராடலாகாது. குடிநீரும் மருந்தும் கையோடு கொண்டுசென்று, பொழுது சாயுமுன் திரும்பிவிட வேண்டும்.

நான்காம் நாள்: ராமநாதர் சந்நிதி

விடியற்காலை ஐந்து மணியளவில் ஸ்படிகலிங்க தரிசனம். பின்னர் அக்னி தீர்த்தம். அதன்பின் கோயிலினுள் இருக்கும் இருபத்திரண்டு தீர்த்தங்கள். கோடி தீர்த்தத்துடன் நிறைவுறும். பலருக்கும் மனக்கலக்கம் எழும் இடம் இது. ஈரத் தரை வழுக்கும். ஈர ஆடையோடு நெடுந்தூரம் நடக்க வேண்டும். இதய நோயும் நீரிழிவும் உடையோர், மூட்டு வலியால் வருந்துவோர் “இத்தனை தூரம் வந்தும் நீராடவில்லையே” என்று ஏங்குவர். ஊரிலிருந்து புறப்படுமுன்பே மருத்துவரைக் கேட்டு இதனை முடிவு செய்துவிட வேண்டும். இயலாதவருக்கு உடன்வந்தோர் தீர்த்தத்தைக் கொண்டுவந்து தலையில் புரோட்சணம் செய்தால் போதுமானது. சக்திக்கு மீறியதை எந்தச் சாஸ்திரமும் விதிக்கவில்லை.

நீராடியவர்கள் உலர்ந்த ஆடை உடுத்தியே சந்நிதிக்குச் செல்ல வேண்டும். அனுமன் கொணர்ந்த விசுவலிங்கத்துக்கே இங்கு முதற்பூஜை. சற்றுத் தாமதமாய் வந்தவனுக்கு முதலிடம் தந்த தலம் இது. பிறகு ராமநாதரையும் பர்வதவர்த்தினி அம்பிகையையும் தொழுது, சேதுபதிகளின் திருப்பணியால் 18-ஆம் நூற்றாண்டில் நிறைவெய்திய மூன்றாம் பிராகாரத்தில் மெல்ல நடக்கலாம். 1212 தூண்கள் கொண்ட அந்த நெடும்பாதையில் விரைந்து நடப்பவருக்குக் கிட்டாத அழகு, நின்று நின்று நடப்பவருக்குக் கிட்டும்.

காசி யாத்திரை கருதுவோர் சேதுவின் மணலைச் சிறிது எடுத்துச்சென்று பிரயாகையில் கரைத்து, கங்கை நீருடன் மீண்டும் வந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்வது மரபு.

புறப்படுமுன்

தை முதல் பங்குனி வரை ஏற்ற காலம். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும் உண்டு. ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் பிதுர்க்கடன் கருதியன்றி முதியோர் வருவதைத் தவிர்க்கலாம். ஒவ்வொரு முதியவருக்கும் ஒரு துணையைக் குறித்துவிட வேண்டும். பெயரும் உறவினர் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டு ஒவ்வொருவர் பையிலும் இருக்கட்டும். குழுவில் மிக மெதுவாய் நடப்பவரின் காலடியே அன்றன்றைய திட்டத்துக்கு அளவாகட்டும்.

பாம்பனில் இறங்கிய மறுநாள், 1897 ஜனவரி 27 அன்று, இராமேசுவரம் கோயிலில் விவேகானந்தர் உரையாற்றினார். எளியவரிடத்தும் நலிந்தவரிடத்தும் நோயுற்றவரிடத்தும் சிவனைக் காண்பவனே மெய்யாகச் சிவனை வழிபடுகிறான் என்பது அவ்வுரையின் சாரம். பிராகாரத்தில் நடக்க முடியாமல் ஒரு தூணருகே அமர்ந்துவிட்ட முதியவருடன், தரிசன வரிசையை விட்டுவிட்டு ஒருவர் துணைக்கு அமர்வாராயின், அவரது யாத்திரை அங்கேயே நிறைவுற்றது.