ஈமெயில் வருகுது, போகுதில்லை

றவுட்டரை மாற்றிய பிறகு ஈமெயில் வருகிறது, ஆனால் இங்கிருந்து ஒன்றும் போகிறதில்லை என்று வாசகர்கள் சிலர் ரெலிபோனிலும் நேரிலும் கேட்டிருக்கிறார்கள். இம்முறை அதைப் பற்றியே எழுதுகிறோம். மாதம் பத்து டொலர் மிச்சம் என்று இன்ரநெற் கம்பனியை மாற்றி, பழைய பெட்டியைக் கழற்றிப் புதுப் பெட்டியைப் பூட்டுகிற வீடுகள் ஸ்காபரோவில் நிறைய. பிள்ளைகளின் ரெலிபோன் வேலை செய்யும், படம் ஓடும், எல்லாம் சரி என்றுதான் தோன்றும்.

முதலில் ஒன்று. புது றவுட்டர் பழுது என்று அதைத் திருப்பிக் கொடுக்க ஓட வேண்டாம். றவுட்டர் பழுதென்றால் எல்லாமே நிற்கும். வருவது வந்துகொண்டிருக்க, போவது மட்டும் நின்றால் கோளாறு பெரும்பாலும் கணனிக்குள் எப்போதோ எழுதிவைத்த பழைய விபரங்களில்தான் இருக்கும்.

தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களுக்கு இது லேசாக விளங்கும். சாமான் வந்து இறங்குகிற வாசல் ஒரு பக்கம், செய்து முடித்த சாமானை லொறியில் ஏற்றுகிற வாசல் இன்னொரு பக்கம். ஒன்று பூட்டியிருந்தாலும் மற்றதில் வேலை நடக்கும். ஈமெயிலுக்கும் அப்படித்தான். வந்த கடிதத்தை எடுக்கிற வாசல்களுக்கு 995, 993 என்று இலக்கம். அனுப்புகிற வாசலுக்கு ஆதியில் இருந்த இலக்கம் 25. இந்த வாசல்களைத்தான் போர்ட் என்கிறார்கள். அனுப்பும் முறைக்கான விதிகளை ஜோன் போஸ்ரல் என்பவர் 1982 ஓகஸ்டில் எழுதி வெளியிட்டார். அந்த நாளில் இணையத்தில் இருந்தவர்கள் கொஞ்சப் பேர். யார் கடிதம் கொண்டுவந்தாலும் பெயர் கேட்காமல் வாங்கி அனுப்பினார்கள்.

அந்த நம்பிக்கையை வியாபாரிகளும் களவாணிகளும் கெடுத்தார்கள். கேட்காமல் வந்த முதலாவது விளம்பரக் கடிதம் 1978 மே மாதமே, ஒரு கணனிக் கம்பனிக்காரர் சில நூறு பேருக்கு அனுப்பியது. 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு நிலைமை மோசமானது. வைரஸ் புகுந்த வீட்டுக் கணனிகள், வீட்டுக்காரருக்கே தெரியாமல், 25ஆம் வாசலால் குப்பைக் கடிதங்களை அள்ளி வீசின. கனடா அரசாங்கம் 2004இல் இதற்கென ஒரு செயற்குழுவை அமைத்தது. 2005 மே மாதம் அதன் அறிக்கை வந்தது. இன்ரநெற் கம்பனிகள் வீட்டு இணைப்புகளில் 25ஆம் வாசலைப் பூட்டின. குப்பைக் கடிதத்துக்கு எதிரான சட்டம் நடைமுறைக்கு வந்தது 2014 யூலை 1ஆம் திகதி.

அப்படியென்றால் போன மாதம் வரை எப்படிப் போனது என்று கேட்பீர்கள். ஊரில் சந்திக் கடைக்காரர் முகத்தைப் பார்த்துக் கடன் தருவார், கொப்பியில் பெயர் எழுதக்கூட மாட்டார். பழைய கம்பனியும் அப்படித்தான். தன்னுடைய லைனால் வருகிறவர் தன்னுடைய வாடிக்கையாளர் என்று பாஸ்வேர்ட் கேளாமலே கடிதத்தை வாங்கியது. புது றவுட்டரோடு லைனும் மாறிவிட்டது. இப்போது நீங்கள் வேற்றூர்க்காரர். பழைய கடைக்காரருக்கு உங்கள் முகம் தெரியாது. புதுக் கம்பனியோ 25ஆம் வாசலால் வெளியே போக விடாது. கடிதம் நடுவில் நிற்கிறது.

இது சின்ன விஷயம் என்று நினைக்கக்கூடாது. எங்களோடு வேலை செய்கிற ஒருவர் மனைவியின் ஸ்பொன்சர் அலுவலுக்கு வழக்கறிஞர் கேட்ட பத்திரங்களை ஸ்கான் செய்து அனுப்பினார். அனுப்பிவிட்டேன் என்று நிம்மதியாக இருந்தார். மூன்று கிழமை கழித்து கந்தோரிலிருந்து ரெலிபோன். "அண்ணை, பத்திரம் எங்கை? இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு." கணனியைத் திறந்து பார்த்தால் அந்தக் கடிதம் அவுட்பொக்ஸில் அப்படியே கிடக்கிறது. அதற்குக் கீழே இன்னும் ஏழு கடிதங்கள். புது றவுட்டர் பூட்டியதும் அதே கிழமைதான். அவர் ஒரு நாள் சம்பளத்தை விட்டு, பத்திரங்களைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். கடிதங்கள் வந்துகொண்டே இருந்தபடியால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. ஆகவே றவுட்டர் மாற்றிய அன்றே உங்களுக்கு நீங்களே ஒரு கடிதம் அனுப்பிப் பாருங்கள்.

போகவில்லையா? அதே ஈமெயிலை பிரவுசரில் திறந்து அனுப்பிப் பாருங்கள். அங்கே போனால் உங்கள் கணக்கு நல்லாயிருக்கிறது. அவசரக் கடிதத்தை அதிலேயே அனுப்பிவிட்டு ஆறுதலாகத் திருத்தலாம். அடுத்ததாக, கைத்தொலைபேசியின் ஹொட்ஸ்பொட்டில் கணனியை இணைத்து ஒரு தடவை அனுப்புங்கள். அதில் போய், வீட்டு இணைப்பில் போகவில்லை என்றால் வாசல்தான் பிரச்சினை.

இனித் திருத்தம். தண்டர்பேர்ட் பாவிப்பவர்கள் அக்கவுண்ட் செற்றிங்ஸில் அவுட்கோயிங் சேர்வர் என்ற இடத்துக்குப் போங்கள். அவுட்லுக்கிலும் அக்கவுண்ட் செற்றிங்ஸுக்குள்தான் இது இருக்கும். 25 என்று இருந்தால் அழித்துவிட்டு 587 என்று போட்டு, பாதுகாப்பு என்ற இடத்தில் ஸ்ரார்ட்-ரிஎல்எஸ் என்பதைத் தெரியுங்கள். அல்லது 465 போட்டு எஸ்எஸ்எல்-ரிஎல்எஸ் தெரியுங்கள். ஒன்றின் இலக்கத்தையும் மற்றதன் பாதுகாப்பையும் கலந்தால் போகாது. கனபேர் மினக்கெடுவது இந்த இடத்தில்தான். பிறகு, அனுப்பும்போதும் பெயரும் பாஸ்வேர்ட்டும் கொடுக்கும்படி அடையாளம் இடவேண்டும். சேர்வரின் பெயரும் முக்கியம்: உங்கள் விலாசம் எந்த நிறுவனத்துடையதோ அதன் சேர்வராக இருக்கவேண்டும், லைன் தருகிற கம்பனியுடையதாக அல்ல. 587 என்பது புதுமை அல்ல. 1998 டிசம்பரிலேயே அனுப்புவதற்கென்று தனியாக ஒதுக்கிய வாசல். 465ஐப் பாவிக்கும்படி 2018 ஜனவரியில் பரிந்துரைத்தார்கள்.

இவ்வளவும் செய்தும் பாஸ்வேர்ட் பிழை என்று சொன்னால் பழியை றவுட்டரில் போடாதீர்கள். ஜிமெயில் 2022 மே 30ஆம் திகதியோடு பழைய புரோகிராம்களில் சாதாரண பாஸ்வேர்ட்டை ஏற்பதை நிறுத்தத் தொடங்கியது. புரோகிராமில் கூகிளின் சொந்தப் பக்கத்தால் நுழையவேண்டும், இல்லாவிட்டால் இரட்டைச் சரிபார்ப்பை வைத்து 16 எழுத்துள்ள தனிப் பாஸ்வேர்ட் எடுக்கவேண்டும். மைக்ரோசொஃப்ற் 2024 செப்டம்பரில் ஹொட்மெயில், அவுட்லுக் விலாசங்களுக்கும் பழைய முறையை நிறுத்தியது.

றவுட்டரே குற்றவாளியாக இருக்கும் இடமும் உண்டு. ஜெர்மனியில் உள்ள சொந்தக்காரருக்கு இதைச் சொல்லுங்கள். டொய்ச்ச ரெலிகொமின் ஸ்பீட்போர்ட் றவுட்டர்களில் அனுமதிக்கப்பட்ட ஈமெயில் சேர்வர்களின் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறார்கள். அதில் இல்லாத சேர்வரால் கடிதம் போகாது. றவுட்டரின் பக்கத்துக்குள் போய்ப் பெயரைச் சேர்க்கவேண்டும்.

கடைகளிலும் கோயில் கந்தோர்களிலும் ஸ்கான் பண்ணி நேரே ஈமெயிலில் அனுப்புகிற மெசின்கள் இருக்கின்றன. அவற்றுக்குள்ளும் இதே 25 ஒளிந்திருக்கும். மெசினுக்கு நிலையான இலக்கம் கொடுத்திருந்தால், பழைய றவுட்டர் 192.168.0 என்றும் புதியது 192.168.1 என்றும் தொடங்கும்போது அதுவும் துண்டித்துப்போகும்.

திருத்தித் தருகிறோம் என்று தாங்களாகவே ரெலிபோன் எடுப்பவர்களுக்குப் பாஸ்வேர்ட்டைச் சொல்லவோ கணனிக்குள் விடவோ வேண்டாம். அயலில் ஹைஸ்கூல் படிக்கிற பிள்ளை இதை அரை மணித்தியாலத்தில் செய்துவிடும்.

கம்பனியை மாற்ற முன்னர் இன்னொன்றும் கேளுங்கள். சிம்பாற்றிக்கோ 1995இல் தொடங்கியது. அந்தக் காலத்தில் எடுத்த விலாசத்தை இன்றும் வைத்திருக்கும் பெரியவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். வன்னியில் இருக்கும் பெறாமகளுக்கும் அவுஸ்திரேலியாவில் இருக்கும் பழைய வகுப்புத் தோழனுக்கும் தெரிந்தது அந்த ஒரு விலாசம்தான். லைனை நிறுத்தினால் விலாசம் நிற்குமா, போகுமா என்பது கம்பனிக்குக் கம்பனி வேறுபடும். பழைய லைனை வெட்டுவதற்கு முன்பே பதிலை எழுத்தில் வாங்கி, கடிதங்களைக் கணனியில் இறக்கி, எல்லோருக்கும் புது விலாசத்தை அறிவித்துவிடுங்கள்.