பவளத் தோட்டத்தில் விருந்தாளி



மாலத்தீவுக்குச் சென்று, கண்ணாடி முகமூடியும் மூச்சுக்குழாயும் அணிந்து கடலில் முகம் கவிழ்த்து மிதந்து வருவோர் நம்மவரிலும் உளர். நல்லதே. அல்குர்ஆனின் 'அர்ரஹ்மான்' அத்தியாயம் இறைவனின் அருட்கொடைகளை நினைவூட்டுகையில் முத்தோடு பவளத்தையும் குறிப்பிடுகிறது. படைப்பைக் கண்டு வியப்பது படைத்தவனை நினைப்பதற்கு வழியாகும். எனினும், விருந்தாளிக்கென்று சில ஒழுக்கங்கள் உண்டல்லவா?

பவளப்பாறை என்று நாம் சொல்வது உண்மையில் வெறும் பாறையன்று. உயிர்கள் வாழும் ஊர். சின்னஞ்சிறு உயிர்கள் கோடிக்கணக்கில் கூடிச் சுண்ணாம்புக் கூடு கட்டி எழுப்பியது. அவற்றின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் சூரிய ஒளியால் உணவு ஆக்கி ஊட்டுகின்றன, நிறமும் தருகின்றன. திரண்டு உருண்ட பவள இனங்கள் பல, ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டரே வளர்கின்றன. இளைப்பாற நாம் ஊன்றும் ஒரு கால், பல்லாண்டு உழைப்பை நொடியில் சிதைத்துவிடும்.

மாலத்தீவின் ஏறத்தாழ 1,200 தீவுகளும் பவளத்தால் உருவானவை. அலையின் வேகத்தைத் தணித்து அவற்றைக் காக்கும் மதிலும் பவளமே. தலைநகர் மாலேயில் 1658-இல் கட்டி முடிக்கப்பட்ட ஹுகுரு மிஸ்கீ என்னும் ஜும்ஆப் பள்ளிவாசலும் பவளக் கல்லால் எழுந்ததே.

1998-இல் கடல் நீர் அளவுக்கு மீறிச் சூடேறியது. பாசிகள் வெளியேற, பவளங்கள் வெளுத்தன. மாலத்தீவின் ஆழமற்ற பகுதிகளில் பெரும்பாலானவை மடிந்தன. தேறிவந்த நிலையில் 2016-இல் மீண்டும் வெளுத்தன. 2024-இல் உலகளாவிய நான்காம் வெளுப்பு அறிவிக்கப்பட்டது.

"கடலின் சூட்டை நான் ஒருவன் தணிக்க இயலுமா?" என்று கேட்கலாம். இயலாதுதான். ஆனால், நோயுற்றுத் தேறிவரும் ஒருவரை மிதிக்காமல் இருக்க நம்மால் இயலுமே! வேறு தீங்கு நேராத பவளமே விரைந்து தேறுகிறது.

ஆகவே, முதலில் மணற்பாங்கான இடத்தில் மிதந்து பழகுங்கள். நீச்சலில் உறுதியில்லாதவர் மிதவைச் சட்டை அணியுங்கள். களைத்தாலும் பவளத்தின் மீது நிற்க நேராது. நீர் ஏறியிருக்கும் வேளையில், நீரோட்டம் அறிந்த உள்ளூராருடன் செல்லுங்கள். காலில் மாட்டிய துடுப்பு பவளத்தில் படாமல் மெல்ல அசையுங்கள். எதையும் தொடாதீர்கள், மீனுக்குத் தீனி போடாதீர்கள். பவளத்துண்டை நாட்டை விட்டு எடுத்துச் செல்ல அங்கே தடையுண்டு.

வெயிலுக்குப் பூசும் களிம்புகள் சிலவற்றிலுள்ள ஆக்சிபென்சோன் என்னும் இரசாயனம் பவளத்திற்குத் தீங்கு செய்யக்கூடும் என்பதால், ஹவாய் மாநிலம் 2021 முதல் அத்தகைய களிம்புகளின் விற்பனையைத் தடுத்துள்ளது. நாம் மார்க்கம் கருதி அணியும் முழு நீச்சலுடையோ உடலை மறைப்பதோடு வெயிலையும் தடுக்கிறது. களிம்பின் தேவையும் குறைகிறது. ஆண்களும் இதைக் கைக்கொள்ளலாமே!

நமக்குப் பின் வரும் பிள்ளைகளும் கண்டு மகிழ வேண்டிய அமானிதம் இது. பிறருக்குத் தீங்கிழைக்கலாகாது என்னும் நம் மார்க்க நெறி, கரையோடு முடிந்துவிடுவதன்று.

வல்ல ரஹ்மான் அவனது படைப்புகளைப் பேணும் நல்லுள்ளத்தை நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.