0.53 கிராம் என்றால் எல்லாம் ஒன்றா?

"0.53 கிராம் பெல்லட்தானே? எதை வாங்கினாலும் ஒண்ணுதான் சார், வெயிட்தான் முக்கியம்."

புனேயில் நம் தமிழ்ப் பெற்றோர்கள் வாயிலிருந்து இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கடைக்காரர் சொன்னால் விட்டுவிடலாம், அவருக்கு ஸ்டாக் தீரவேண்டும். கடன் வாங்கிப் பிள்ளைக்கு ஏர் ரைபிள் எடுத்துக் கொடுத்தவரே சொல்லும்போதுதான் எரிச்சல் வருகிறது.

கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்தவர் இளவேனில் வாலறிவன். அவரைப் பார்த்து வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளும் ஆசைப்படுவது நியாயமே. 2024 பாரிஸ் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் அவர் 60 குண்டுக்கு 630.7 எடுத்தார். சராசரி 10.5! கிடைத்தது 10வது இடம். இறுதிக்குப் போவதோ 8 பேர். 10 மீட்டர் தள்ளி இருக்கும் இலக்கில் நடுப்புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். இங்கே வந்து "ஏறக்குறைய ஒண்ணுதான்" என்றால் எப்படி?

எடை ஒன்றாக இருக்கலாம். தலை விட்டம் 4.49, 4.50, 4.51 என்று வேறுபடும். பின்பக்கப் பாவாடையின் தடிமன் வேறு, ஈயத்தின் மென்மை வேறு. தலை லூசாக இருந்தால் குழலுக்குள் பெல்லட் லேசாகச் சாயும். இறுக்கமாக இருந்தால் அதே காற்றுக்கு வேகம் குறையும். ஒரே சம்பளம் வாங்கும் இருவர் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஒரே தொகை லோன் சாங்ஷன் செய்வேனா? (தொழில் புத்தி, விடாது :-))

அமெரிக்காவில் வேட்டைக்காரர்கள் பலர் தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள். எந்தக் குண்டுக்கு எவ்வளவு மருந்து என்று அதற்கு அட்டவணைப் புத்தகங்கள் உண்டு. 150 கிரெய்ன், அதாவது சுமார் 9.7 கிராம் குண்டுக்கு இருக்கும் வரியைப் பார்த்து, கையில் கிடைத்த எந்த 150 கிரெய்ன் குண்டுக்கும் மருந்து அளந்தால் வம்புதான். ஈயத்தின் அடர்த்தி 11.3, செம்புக்கு 8.96. அதனால் அதே எடையில் முழுச் செம்புக் குண்டு நீளமாக இருக்கும். தோட்டாக் கூட்டுக்குள் ஆழமாக இறங்கி மருந்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், குழலிலும் வேறு மாதிரி உரசும். அழுத்தம் எகிறும். குண்டை மாற்றினால் குறைந்த அளவிலிருந்து மறுபடி தொடங்கு என்று அந்தப் புத்தகங்கள் சொல்வது இதனால்தான். அங்கே தப்பினால் துப்பாக்கியே வெடிக்கலாம். இங்கே அந்தப் பயம் இல்லை, அதனால்தான் நம்மவர்களுக்கு இவ்வளவு அலட்சியம்.

அடி விழுவது பிள்ளைக்கு. போன மாதம் ரேஞ்சில் ஒரு அப்பா, பத்தாவது படிக்கும் மகளை எல்லோர் முன்னாலும் "கவனம் எங்கே இருக்கு உனக்கு?" என்று வறுத்தெடுத்தார். முந்தின வாரம் டப்பாவை மாற்றியவர் அவர்தான். கேட்டால், "அதே வெயிட்தான் சார், விலை கம்மி." அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு ஜாக்கெட்டைக் கழற்றியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

"டாப்பர் பையன் சுடுறதையே வாங்குங்க" என்னும் கோஷ்டிக்கும் இதே பதில்தான். அவன் குழல் வேறு, உங்கள் குழல் வேறு. 22 ரைபிளில் மேட்ச் தோட்டா பெரும்பாலும் 40 கிரெய்ன்தான். அப்படியும் பெரிய வீரர்கள் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு தோட்டாக் கம்பெனியின் சோதனைக் கூடத்துக்கே போய், லாட் லாட்டாகச் சுட்டுப் பார்த்து வாங்குகிறார்கள்.

இப்போதுதான் சேர்ந்து 8, 9 என்று சுடும் குழந்தைக்கு இதெல்லாம் வேண்டாம், முதலில் நிற்கப் பழகட்டும். 10க்கு மேல் சராசரி வந்துவிட்டால், கோச்சைக் கேட்டு ரைபிளை வைஸில் இறுக்குங்கள். ஒவ்வொரு டப்பாவிலிருந்தும் அட்டைக்குப் பத்து குண்டு, இப்படி மூன்று நான்கு அட்டை. சிதறலை வெர்னியரில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். எது நெருக்கமாக விழுகிறதோ, அந்த டப்பாவில் போட்டிருக்கும் தயாரிப்பு எண்ணைப் பார்த்து அதே எண்ணில் ஐந்தாறு வாங்கி வையுங்கள். அடுத்த முறை வேறு எண் வந்தால், மறுபடி வைஸ், மறுபடி அட்டை. அதற்குப் பிறகும் ஸ்கோர் இறங்கினால் பிள்ளையிடம் பேசலாம், அதுவும் வீட்டுக்கு வந்த பிறகு.